வேங்கைக்குப் பங்காளி

ஆப்பிரிக்கப் படாக்கை அறுக்கும்போது பறக்கும் தூளின் நிறத்தை வேறு எந்த மரத்திலும் நான் பார்த்ததில்லை. வாள் உள்ளே இறங்கிய கொஞ்ச நேரத்தில் தரையெல்லாம் குங்குமம் கொட்டிக் கிடப்பது போல ஆகிவிடும். சுத்தமான சிவப்பு என்றும் சொல்ல முடியாது, ஆரஞ்சு என்றும் சொல்ல முடியாது. உடுமலைப்பேட்டை தளி ரோட்டில் இருந்த எங்கள் மரப்பட்டறையில் அந்தத் தூள் முதலில் பறந்த அன்று, தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். "ஏனுங்க ஆசாரி, மரத்துக்குச் சாயம் ஏத்தறீங்களா?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார். அப்பா ஒரு பிடி தூளை அள்ளி அவர் கையில் வைத்து, "நம்ம ஏத்தலீங்க, அதும்பட வைரமே இந்த நெறந்தானுங்க" என்றார்.

அதற்கு முன்பு எங்கள் பட்டறைக்குள் வந்த மரங்கள் கொஞ்சம்தான். ஆனைமலைத் தேக்கு வரும். வெள்ளைக்காரர் காலத்தில் டாப்சிலிப்பிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் தள்ளிவிடுவார்கள் என்பதும், மொட்டையாகிப் போன அந்த மலையில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடியும் தேக்கை வளர்த்தெடுத்தார் என்பதும் பட்டறைக்கு வரும் பெரியவர்கள் எல்லோரும் சொல்கிற கதைகள். 1933இல் இறந்த அவருடைய சமாதி இன்றும் அந்தத் தேக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. தேக்குக்கு அடுத்தது பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற வேங்கை உத்திரங்கள். வசதி குறைந்தவர்களுக்கு வேம்பும் பூவரசும் வாகையும். ஈட்டி எப்போதாவது வந்தால் அப்பா அதை யார் கண்ணிலும் படாமல் உள்ளறையில் சாத்தி வைப்பார்.

1990களின் கடைசியில் இந்த வரத்து சுருங்கியது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் அழிவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதாவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. காடுகளுக்கு அது பெரிய காப்பு. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளில் மரத்துக்குக் காத்திருக்கும் நாட்கள் கூடின. வீடு கட்டுகிறவர்கள் காத்திருக்கவில்லை. நூல் மில்லும் கோழிப்பண்ணையும் காற்றாலையும் வந்து ஊரில் பணம் புழங்க ஆரம்பித்த காலம் அது. எல்லோருக்கும் தலைவாசல் நெலவு, அதாவது கதவு நிலை, கனமாக இருக்க வேண்டும், கதவு பார்த்தவுடன் பேச வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக் கட்டைகள் வந்து இறங்கின. கோயம்புத்தூர், பொள்ளாச்சி மரக்கடைகளில் கானா, நைஜீரியா, கேமரூன் என்று நாட்டுப் பெயர்கள் சாக்பீஸில் எழுதப்பட்டிருக்கும். பாதிக்கு மேற்பட்டவற்றை 'தேக்கு' என்றே விற்றார்கள். ஆப்பிரிக்கத் தேக்கு என்று விற்கப்பட்ட இரோக்கோவுக்கும் தேக்குக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. இரோக்கோ மல்பெரிக் குடும்பத்து மரம், நம் உடுமலை வட்டாரத்தில் பட்டுப்புழுவுக்குத் தழை போடுகிறோமே, அந்தக் குடும்பம். நல்ல மரம்தான். ஆனால் அதன் சொந்தப் பெயரை மறைத்து விற்பது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. பெயர் தெரியாவிட்டால் குணம் தெரியாது. குணம் தெரியாமல் உளி வைத்தால் மரம் கெடும், இல்லாவிட்டால் உளி கெடும்.

படாக்குக்கு அந்த வேஷம் போட முடியவில்லை. இவ்வளவு சிவப்பை யாரும் தேக்கு என்று நம்ப மாட்டார்கள். கடைக்காரர் அப்பாவிடம், "புது மரமுங்க, கறையான் தொடாது, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று நாலு சட்டத்தைக் கொடுத்தனுப்பினார்.

எங்கள் சித்தப்பா இளம் வயதில் மெட்ராஸில் ஒரு பெரிய பட்டறையில் வேலை செய்தவர். அங்கே அந்தமான் படாக்கில் மேசை, பீரோ செய்திருக்கிறார். அவர் அந்தச் சட்டத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. ஒரு முனையில் இழைப்புளியை ஓட்டினார். பிறகு திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கமிருந்து ஓட்டினார். இரண்டு பக்கமும் சில வரிகள் வழுவழுவென்று வந்தன, பக்கத்து வரிகளில் சிராய் எழும்பியது. "பாத்தியா கண்ணு, ஒரு வரி இந்தப் பக்கம் படுத்திருக்குது, அடுத்த வரி அந்தப் பக்கம் படுத்திருக்குது. வேங்கையும் இப்பிடித்தான். இது வேங்கைக்குப் பங்காளி" என்றார். கணக்கு எழுதுவதற்காகப் பட்டறையில் உட்கார்ந்திருந்த நான் நோட்டின் ஓரத்தில் அதை எழுதி வைத்தேன்.

சித்தப்பா கையால் கண்டது தாவரவியலிலும் சரிதான். வேங்கை, ஆந்திராவின் செம்மரம், அந்தமான் படாக், ஆப்பிரிக்கப் படாக் எல்லாம் டெரோகார்பஸ் என்ற ஒரே பேரினம். நம் வேங்கை டெரோகார்பஸ் மார்சூப்பியம், ஆப்பிரிக்கப் படாக் டெரோகார்பஸ் சோயாக்சி. இவற்றின் காய் ஒன்றைப் பார்த்தால் மற்றதை அடையாளம் கண்டுகொள்ளலாம். நடுவில் விதை, சுற்றிலும் வட்டமாக மெல்லிய இறக்கை. உடுமலையிலிருந்து மறையூர் போகும் சாலையில், சின்னாறு தாண்டி மலை ஏறும் பக்கம், கோடையில் காய்ந்த வேங்கைக் காய்கள் கிடக்கும். கையில் எடுத்து மேலே வீசினால் சுற்றிக்கொண்டே இறங்கும். கேமரூனிலும் காபோனிலும் காங்கோவிலும் இதே வடிவக் காய்கள்தான் மழைக்காட்டில் விழுகின்றன. கோயம்புத்தூரில் 1902இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள மரத் துண்டுகளுக்கு முன்னால் நான் அதிக நேரம் நிற்பதற்கு சித்தப்பாவின் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். மரங்களுக்குள் இருக்கும் உறவுமுறை தெரிந்த பிறகு மரக்கடைக்குள் நுழைவதே வேறு அனுபவமாகிவிட்டது.

முதல் படாக் கதவை ஊருக்குத் தெற்கே தென்னந்தோப்புக்குள் கட்டப்பட்ட ஒரு வீட்டுக்குச் செய்தோம். தலைவாசல், இரட்டைக் கதவு. படாக் ஒரு கன அடி உலர்ந்த நிலையில் சுமார் 21 கிலோ இருக்கும். தேக்கு 18, 19 கிலோதான். கதவு தூக்க ஆள் கூட வேண்டும், கீல் தடிமனாக வேண்டும். அப்பாவுக்குக் கனம் பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் கேட்டது, "நம்மூருக் காத்துக்கு நிக்குமா?" என்பதுதான்.

உடுமலைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். மாசி, பங்குனியில் உதடு வெடிக்கிற வறட்சி. வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று திறந்துவிடும், ஆவணி வரை நிற்காது. வறட்சியில் சுருங்கி, ஈரத்தில் உப்பி, கதவுகள் நெலவோடு மல்லுக்கட்டும். பச்சையாக அறுத்து அவசரமாகச் செய்த வேப்பங்கதவு ஆடி மாதத்தில் சாத்தவே சாத்தாது. படாக் இந்தச் சோதனையில் ஜெயித்தது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது ஆரப்போக்கில் ஏறக்குறைய 3 சதவீதம், வளையப்போக்கில் 5 சதவீதம்தான் சுருங்கும். இது தேக்குக்குப் பக்கத்தில் நிற்கிற கணக்கு. இவ்வளவு கனமான மரம் இவ்வளவு அடக்கமாக இருப்பது அபூர்வம். கறையானும் உளுத்தலும் வைரத்தை நெருங்கவில்லை. ஓரத்து வெள்ளைக்கு அந்தக் காப்பு கிடையாது என்பதால் அப்பா வெள்ளையைத் தயவு பார்க்காமல் சீவி எறிந்தார். அடுப்புக்குக்கூட அதைத்தான் கொடுத்தார், சிவப்புத் துண்டு ஒன்றையும் எரிக்க விடவில்லை.

வேலை சுலபமாக இல்லை. வரிகள் எதிரும் புதிருமாக ஓடுவதால் இழைப்புளியின் அலகை அடிக்கடி தீட்ட வேண்டும், மிக மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கடைசி இழைப்பைச் சித்தப்பா குறுக்குச் சாய்வாக ஓட்டுவார், அப்போதுதான் பிய்யாது. ஆணியை நேராக அடித்தால் பிளக்கும், துளை போட்டுத் திருகாணிதான். ஆனால் கழுந்தும் துளையும் இந்த மரத்தில் அமர்வதைப் பார்க்க வேண்டும். கொட்டாப்புளியால் இரண்டு தட்டு, பிறகு அது ஒரே மரம். நுண்துளைகள் பெரியவை என்பதால் கைக்குக் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்தால் மெழுகு பூசாமலே ஒரு மினுமினுப்பு வந்துவிடும்.

தூள் மட்டும் எல்லோரையும் படுத்தியது. தும்மல், கண் எரிச்சல், சிலருக்குக் கையில் அரிப்பு. படாக் தூள் ஒவ்வாமை தரக்கூடியது, முகத்தில் துணி கட்டாமல் அறுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மா பட்டறைச் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பார். வெறும் தண்ணீரில் அலசினால் கறை அசையாது. சோப்புப் போட்டால் சிவப்பு ஊதாவாக மாறும். "இது என்ன மாயமோ" என்று அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செம்மரத்திலும் இந்த ஆப்பிரிக்க மரங்களிலும் இருக்கிற சான்டலின் என்ற சாயப்பொருளின் குணம் அது. தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. சாராயத்திலும் காரத்திலும் கரையும். காரம் பட்டால் ஊதா காட்டும். ஐரோப்பாவின் சாயக்காரர்கள் இந்த மரங்களை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்க் கம்பளிக்குச் சிவப்பேற்றிய காலம் ஒன்று இருந்தது.

இந்தக் குணத்தை மெருகுக்காரர் தன் வேலையில் உணர்ந்தார். எங்கள் ஊரில் அப்போதெல்லாம் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்க்கும் பாலிஷ்தான். படாக்கில் தேய்த்த துணி இரண்டாவது இழுப்பிலேயே ரத்தச் சிவப்பானது. அந்தத் துணி பக்கத்தில் இருந்த வெளிர் மரத்தைத் தொட்டால் அதுவும் ரோஜா நிறம். அதனால் படாக்கோடு வெள்ளை மரத்தைச் சேர்த்து வேலைப்பாடு செய்வதானால், இரண்டையும் பொருத்துவதற்கு முன்பே தனித்தனியாக சீலர் கொடுத்து மூடிவிட வேண்டும் என்ற வழக்கம் எங்கள் பட்டறையில் வந்தது. மரத்தூளையும் ஊதித் தள்ளக் கூடாது, உறிஞ்சி எடுக்க வேண்டும். ஊதினால் வெள்ளை மரத்தின் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

படாக்கைப் பற்றி எல்லோரும் கேட்கிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தென்னந்தோப்பு வீட்டுக் கதவை மாட்டியபோது ஊரே வந்து பார்த்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டு அம்மா பட்டறைக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். "ஏனுங்க ஆசாரி, செவப்புன்னுதானுங்களே சொன்னீங்க. இப்ப அது பழைய மரமாட்டம் காப்பி நெறத்துல நிக்குது. செவப்பு எங்கீங்க போச்சு?"

அப்பா பதில் சொல்லாமல் சின்ன இழைப்புளியை எடுத்துக்கொண்டு அவருடன் போனார். நானும் போனேன். கிழக்குப் பார்த்த வாசல், காலை வெயில் முழுக்க விழும். கதவு நல்ல கருஞ்சிவப்பு கடந்து பழுப்பில் ஆழ்ந்திருந்தது. அப்பா கதவைத் திறந்து, நெலவுக்குள் மறையும் விளிம்பில், கண்ணில் படாத இடத்தில் ஒரே ஒரு சீவல் எடுத்தார். உள்ளே முதல் நாள் சிவப்பு அப்படியே இருந்தது. "போகலீங்க. உள்ளதான் இருக்குது. வெயிலும் காத்தும் படற எடம் மட்டும் முதிருதுங்க" என்றார். அந்த அம்மா சீவலைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு காபி கொண்டுவரச் சொன்னார்.

அது தேய்மானம் இல்லை, கெட்டுப்போவதும் இல்லை. வெளிச்சத்தின் புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து மேற்பரப்பின் நிறப்பொருளை மாற்றுகின்றன. கதிரைத் தடுக்கும் பூச்சு கொடுத்தால் வேகம் குறையும், நிற்காது. படாக்கின் முதிர்ந்த பழுப்பு, அதன் இளமைச் சிவப்பைவிட எனக்கு அதிகம் பிடிக்கும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வரிகளுக்கு நடுவே சாயங்கால வெளிச்சத்தில் ஒரு ஊதாச் சாயல் தெரியும், அது புது மரத்தில் கிடையாது. ஆனால் சிவப்புக்காகவே காசு கொடுக்கிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். அன்றிலிருந்து அப்பா ஜன்னலோரத்தில் வெயில் பட்ட ஒரு பலகையையும் பெட்டிக்குள் வைத்த ஒரு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் ஆர்டர் எடுத்தார்.

அந்த மரம் பிறந்த ஊரில் இந்தச் சிவப்பைக் கதவுக்காகத் தேடவில்லை, உடம்பில் பூசத் தேடினார்கள். காங்கோவின் கூபா மக்கள் இந்த இன மரங்களின் வைரத்தை அரைத்துப் பொடியாக்கி, எண்ணெயில் குழைத்து உடலில் பூசுவார்கள். துக்குலா என்று அதற்குப் பெயர். மங்கல நிகழ்வுகளுக்கு அது வேண்டும், இறந்தவரை அடக்கம் செய்யும்போதும் வேண்டும். அழகாகச் செதுக்கிய மரப்பெட்டிகளில் வைத்துக் காப்பாற்றினார்கள், அந்தப் பெட்டிகள் இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்குப் பழனிமலை அடிவாரச் சந்தைகளில் சிரட்டையில் வைத்து விற்கிற வேங்கைப்பால் நினைவுக்கு வந்தது. வேங்கை மரத்தின் பட்டையைக் கீறினால் சிவப்பாக வடியும் பிசின் அது. சிரட்டையில் காய்ந்து கருத்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசி, குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பார்கள். எங்கள் அம்மாயி எங்கள் எல்லோருக்கும் அதைத்தான் வைத்தார். இரண்டு கண்டத்துக்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, பங்காளி மரங்களின் சிவப்பை எடுத்துத் தங்கள் மக்களின் மேல் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடம் முதலில் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லியிருப்பேன். அவர் எந்தப் பலகையையும் விரல் முட்டியால் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். தேக்கு மந்தமாக 'தொப்'பென்று சொல்லும். படாக் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். "இதுல சங்கீதம் இருக்குதுடா" என்பார். மேற்கு ஆப்பிரிக்காவில் பலாஃபோன் என்ற கருவியின் கட்டைகளை இதே பேரினத்து மரம் ஒன்றில்தான், டெரோகார்பஸ் எரினேசியஸில், செய்கிறார்கள். மாரிம்பாவின் கட்டைகளுக்குப் படாக்கையே எடுக்கிறார்கள். ஹோண்டுராஸ் ஈட்டி கிடைக்காதபோது அடுத்த தேர்வு இதுதான். நம் நாகசுரத்துக்கு ஆச்சாவைத் தேடுகிற மாதிரி, அவர்களும் ஒலிக்கும் மரத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாங்கள் மிச்சத் துண்டுகளில் சிறு கட்டைகள் செய்து, உறவுக்காரப் பிள்ளைகளுக்குத் தட்டி விளையாடக் கொடுத்தோம். நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து சுருதி சேர்ப்பதில் சித்தப்பா ஒரு மாசம் முழுக்க மாலை நேரங்களைச் செலவழித்தார்.

இப்போது கவலைக்கு வருகிறேன். சிவப்பு இந்த மரக் குடும்பத்துக்கு வரமும் ஆபத்தும். செம்மரத்துக்கு என்ன நடந்தது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேஷாசலம் காடுகளில் கூலிக்கு மரம் வெட்டப் போன நம் மலைவாழ் மக்கள் எத்தனை பேர் உயிரை விட்டார்கள். செம்மரம் 1995இலேயே சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டும் அந்தக் கடத்தல் ஓயவில்லை. சீனாவில் சிவப்பு மரச் சாமான்களுக்கு ஏறிய மவுசு மேற்கு ஆப்பிரிக்காவின் எரினேசியஸையும் பிடித்தது. அது 2016இல் பட்டியலுக்குள் வந்தது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாடு ஆப்பிரிக்காவின் டெரோகார்பஸ் மரங்கள் அனைத்தையும் இரண்டாம் பட்டியலில் சேர்க்க முடிவெடுத்தது. எங்கள் படாக்கும் அதில் அடக்கம். அங்கே வெட்டுவதால் இனம் அழியாது என்று ஏற்றுமதி செய்யும் நாடு கணக்குப் பார்த்து அனுமதிச் சீட்டு கொடுத்தால்தான் கட்டையோ பலகையோ எல்லை தாண்டலாம்.

காபோன் அதற்கு முன்பே ஒரு தைரியமான வேலை செய்தது. பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடாக இருக்கும் நாடு அது. 2010இல் முழுக் கட்டையாக மரம் ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அறுவையும் உரிப்பும் உள்ளூரிலேயே நடக்கட்டும், கூலி தன் மக்களுக்கே போகட்டும் என்ற எண்ணம். தலைநகர் லிப்ரவில்லுக்குப் பக்கத்தில் என்கோக் என்ற இடத்தில் மரத் தொழிற்பேட்டை எழுந்தது. அங்கே ஆலை நடத்துகிறவர்களில் இந்தியர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு வந்த சரக்கிலும் மாற்றம் தெரிந்தது. உருண்டைக் கட்டை குறைந்து, அறுத்த சட்டங்கள் வர ஆரம்பித்தன. அறுவைமில் தூளைப் பார்ப்பது குறைந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் உண்டு. ஆனால் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். டாப்சிலிப் சரிவில் உருண்ட தேக்கின் லாபம் ஆனைமலைக்காரர்களுக்கு வரவில்லை என்பது இந்த மண்ணுக்குத் தெரியும்.

அப்பா இப்போது வேலை செய்வதில்லை. தம்பியும் நானும் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறோம். படாக் கேட்டு வருகிறவர்களிடம், எந்த நாட்டுச் சரக்கு, அனுமதிச் சீட்டு உண்டா என்று மரக்கடையில் கேட்டுத்தான் விலை சொல்கிறோம். கேட்கும்போது சில கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், சிலர் காகிதத்தை எடுத்து வைக்கிறார்கள். காகிதம் எடுத்து வைக்கிற கடையில் கன அடிக்குக் கொஞ்சம் விலை கூட. தம்பி அந்தக் கூடுதலை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்கிறான். சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.

தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வந்தால் வேங்கை நாற்றைப் பற்றியும் பேசுகிறேன். கொங்குத் தோட்டங்களில் இப்போது ஆப்பிரிக்க மகாகனியான காயா சீக்கிரம் வளர்கிறது என்று நிறையப் பேர் நடுகிறார்கள், நடட்டும். வேங்கை அவ்வளவு வேகமாக வராது, வைரம் பிடிக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். ஆனாலும் வரப்பில் பத்து மரம் நின்றால் பேரன் பேத்திகள் நெலவுக்குக் கேமரூனைப் பார்க்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு இளம் தம்பதி பூஜை அறைக்குக் கதவு கேட்டு வந்தார்கள். வெயில் நேராக விழாத இடம், அதனால் படாக்கின் சிவப்பு அங்கே மெதுவாகத்தான் முதிரும். இரண்டு பலகைகளையும் காட்டினேன். அந்தப் பெண் வெயில் பட்ட பலகையைத்தான் கையில் எடுத்தாள். "கடைசியா இப்பிடித்தான ஆகும்? இது நல்லாருக்குதுங்க" என்றாள். மணி கட்டுவதற்குச் சின்னச் சின்னச் சதுரங்கள் வைத்த கதவு, அளவு ஆறரைக்கு மூன்று. சட்டங்கள் வந்து பட்டறைக்குள் அடுக்கியாயிற்று, தம்பி நாளைக்குக் கழுந்து குறிக்க ஆரம்பிக்கிறான்.